சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே பயப்படும் பிள்ளையை எங்கே கூட்டிப்போவது?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று அம்மாக்கள் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கடலூர் முதுநகர். மகள் பத்தாம் வகுப்பு, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறது. இன்னொருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டை, என் தங்கை வீட்டுக்கு அடுத்த தெரு. அவர் மகள் நன்றாகவே சாப்பிடுகிறாள், ஆனால் கை கழுவிய சூட்டோடு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். மூன்றாமவர் நெல்லிக்குப்பம். பதினேழு வயது மகன் சோற்றைத் தொடுவதில்லை, ஜிம்மே கதி, நாளுக்கு இருபது தடவை கண்ணாடி முன்னால் நின்று கையைப் பிடித்துப் பார்க்கிறான். மூன்று பேரும் கடைசியில் கேட்டது இதுதான்: "எங்க கூட்டிட்டுப் போறது டீச்சர்? யாரைப் பாக்கறது?"

நான் கடலூரில் பள்ளி ஆசிரியை, மருத்துவர் இல்லை. என் தங்கை மகள் பதினோராம் வகுப்பில் உணவுக் கோளாறு என்னும் இந்த நோயில் விழுந்தாள். ஒன்றரை வருஷம் நாங்கள் எல்லோரும் அதோடுதான் வாழ்ந்தோம். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தெரியாமல் நான்கு மாதம் போனது. அந்த நான்கு மாதம் இன்னொரு வீட்டில் போகக் கூடாது என்பதற்காக, அவளிடம் கேட்டுக்கொண்டு, இருக்கிற வழிகளை ஒப்பிட்டு இதை எழுதுகிறேன். எத்தனை கிலோ, எத்தனை கலோரி என்று எங்கும் சொல்லப்போவதில்லை. இந்த நோய் உள்ள பிள்ளைகள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு அதோடு போட்டி போடுவார்கள்.

உடம்பை இளைக்க வைத்தே தீருவேன் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்ஸியா. அடக்க முடியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் புலிமியா. வாந்தி எதுவும் இல்லாமல், வயிறு வலிக்கும்வரை ஒளிந்து சாப்பிட்டுவிட்டுக் கூனிக் குறுகிப்போவது பிஞ்ச் ஈட்டிங். மூன்றும் நோய்கள். அடம், நாகரிகம், வயசுக் கோளாறு என்று ஒதுக்குவதற்கில்லை. மனநோய்களில் அதிகம் உயிர் பறிப்பவற்றுள் அனோரெக்ஸியாவும் ஒன்று.

காரணம் ஒன்றே ஒன்று கிடையாது. பரம்பரைக்கும் பங்குண்டு, பிள்ளையின் சுபாவத்துக்கும் உண்டு. ஆனால் நம் வாய்க்கும் பங்கிருக்கிறது. வயசுக்கு வந்தபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையுமாக "சாப்பிடு, சாப்பிடு" என்று ஊட்டிய அதே சொந்தக்காரர்கள், இரண்டு வருஷம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் "என்னடி இப்படி ஊதிட்ட" என்று கேட்டதைத் தங்கை மகள் தேதியோடு நினைவு வைத்திருந்தாள். சொன்னவருக்கு அது நினைவிலேயே இல்லை.

## ஒப்பிடக் கூடாத நேரம்

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இன்றே போய்விடுங்கள். மயங்கி விழுவது, நெஞ்சு படபடப்பு, பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருப்பது, தண்ணீர்கூட வேண்டாம் என்பது, வாந்தியில் ரத்தம், "செத்துடலாம் போல இருக்கு" என்ற பேச்சு. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அது குறைந்தால் இதயம் தாளம் தப்பும்.

பல வாரமாகப் பட்டினி கிடந்த பிள்ளைக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே உலை வைக்கும். ரொம்ப இளைத்துப்போன பிள்ளைக்கு எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது

முதல் கேள்வி, உடம்பை யார் பார்க்கிறார்கள்? நாடி, படுத்தும் நின்றும் எடுத்த ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் உப்புகளின் அளவு, மாதவிடாய். இவற்றைப் பார்க்காமல் பேச மட்டும் செய்கிற இடம் போதாது.

இரண்டாவது, வீட்டுக்காரர்களைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கிறார்களா, வெளியே உட்கார வைக்கிறார்களா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. காரணத்தைச் சொல்கிறேன். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அவர்களுக்கு உடல் தோற்றம் பற்றிய கவலை எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைப் புரட்டுவது, தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் அளைவது, எரிச்சல், யாரோடும் சேராமை, எப்போதும் குளிர் என்று ஆகிவிட்டார்கள். நம் பிள்ளைகளிடம் நாம் பார்க்கிற பலவும் அதில் இருந்தன. பட்டினியே மனசை மாற்றுகிறது. "முதல்ல மனசு சரியாகட்டும், அப்புறம் சாப்பிடுவா" என்று நாங்கள் காத்திருந்தது தலைகீழ். சாப்பாடு உள்ளே போகப் போகத்தான் பேசினால் கேட்கிற மனசு திரும்பி வரும். அந்தச் சாப்பாட்டை ஒரு நாளைக்கு ஐந்தாறு வேளை பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கப்போவது டாக்டர் இல்லை, நீங்கள்தான். உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்காத இடம் எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் பாதி வேலைதான் செய்கிறது.

மூன்றாவது, மாதக்கணக்கில் விடாமல் போய்வர முடியுமா? நான்காவது பணம். பஸ் காசும் சம்பளப் பிடித்தமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஐந்தாவது, யாருக்கெல்லாம் தெரியவரும் என்பது. சின்ன ஊரில் இதை அற்பக் கவலை என்று நான் சொல்ல மாட்டேன்.

## வீட்டிலேயே பார்த்துக்கொள்வது

எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சையின் அடிப்படையே, சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்கு முழுக்கப் பெற்றோர் கையில் கொடுப்பதுதான். பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திரும்பும். 1987இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், 19 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று வருஷம் தாண்டாத பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பலன் தந்தது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள் வருவார்கள்.

ஆனால் அதை அங்கே மருத்துவர்கள் கூடவே நின்று நடத்தினார்கள். நாங்கள் தனியாக நடத்தினோம். முதல் வாரம் இரண்டு இட்லிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம். தங்கை கெஞ்சினாள், அவள் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார், ஆயா அழுதுகொண்டே "என் பேத்திக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க" என்று மிளகாய் சுற்றிப் போட்டார். இட்லி அப்படியே இருந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை விரதம் வந்தது, செவ்வாய்க்கிழமை விரதமும் வந்தது. பரீட்சைக்காக வேண்டுதல் என்றாள். சாமி விஷயமாயிற்றே என்று நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். நோய் எதன் பின்னால் ஒளிந்தால் நாம் கேட்க மாட்டோமோ அதன் பின்னால்தான் ஒளிகிறது.

பின்னால் ஒரு டாக்டரம்மா தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் சின்னது: "நீ இல்லடா, இந்த நோய்தான் வேணாம்னு சொல்லுது. அம்மா இங்கயேதான் இருக்கேன். அடுத்த வாய்." அதையே திட்டாமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. பழக ஒரு மாதம் ஆனது.

இதற்கு வெளியே தெரியாத விலை நிறைய. தங்கை வேலையில் ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். தம்பிக்காரன் வீட்டில் இருக்கிறானா என்றே யாரும் கவனிக்கவில்லை. வீட்டை மட்டுமே நம்புவது எப்போது சரி? சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிச் சில வாரமே ஆகியிருந்து, நாடியும் மாதவிடாயும் சரியாக இருந்தால், இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்குமேல் தனியாக வேண்டாம்.

## வழக்கமான டாக்டரும் டயட்டீஷியனும்

நாங்கள் நான்கு மாதம் இழந்தது இங்கேதான். குடும்பத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எடுத்தார், எல்லாம் சரியாக இருந்தது. சத்து டானிக்கும் பசி எடுக்க ஒரு சிரப்பும் எழுதினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாங்களும் விரதத்தையும், சாப்பிட்டதும் அவளும் கழிவறைக் குழாயைத் திறந்துவிடுவதையும் அவரிடம் சொல்லவில்லையே. ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடம்பு ரொம்ப காலம் தாக்குப்பிடிக்கும், ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றாகாது. இந்தப் பிள்ளைகளுக்குப் பசி எடுக்கிறது. அதை அடக்கி ஜெயிப்பதுதான் நோய். சிரப் அங்கே என்ன செய்யும்?

டயட்டீஷியனிடம் மட்டும் போனால் கிராம் கணக்கு எழுதிய அட்டவணை ஒன்று கிடைக்கும். ஏற்கெனவே ஒவ்வொரு பருக்கையையும் எண்ணுகிற பிள்ளை கையில் அதைக் கொடுப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்பவராக இருந்தால், அட்டவணையை அம்மாவிடம் கொடுப்பவராக இருந்தால், பெரிய உதவி. எடை குறைப்பு மையங்களின் பக்கமே போக வேண்டாம்.

ஆனாலும் பக்கத்துத் தெரு டாக்டரையும் குழந்தை மருத்துவரையும் விட்டுவிடாதீர்கள். வாராவாரம் நாடியும் எடையும் பார்க்க அவர்களைவிடக் கிட்டே யாரும் இல்லை. எடையைப் பிள்ளை திரும்பி நிற்கும்படி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேளுங்கள்.

## அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு

நம் பகுதிக்கு இது பெரிய வாய்ப்பு. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. மனநலம், குழந்தை மருத்துவம், இதயம், பெண்கள் நலம் எல்லாம் ஒரே வளாகம். அது மத்திய அரசின் நிறுவனம், கடலூர், விழுப்புரம் மக்களும் போகிறார்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு நகருக்குள்ளேயே இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கும் மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கின்றன. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் இருப்பவர்களுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிட்டே.

உடம்பையும் மனசையும் ஒன்றாகப் பார்ப்பதில் இவற்றுக்கு ஈடு கிடையாது. இசிஜி சரியில்லை என்றால் அன்றே அடுத்த கட்டடத்துக்கு அனுப்புவார்கள். சேர்க்க வேண்டி வந்தாலும் பெரிய தொகை கட்டச் சொல்வார்களோ என்ற பயம் வேண்டாம்.

விலை வேறு இடத்தில் இருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான், ஆனால் ஜிப்மர் ஊருக்கு அந்தப் பக்கம். பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். காலைச் சீட்டுப் பதிவுக்கு விடிவதற்கு முன்பே கிளம்பினால்தான் சரி. அம்மாவுக்கு ஒரு நாள் கூலி, பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி. அந்த அவசரத்தில் காலைச் சாப்பாடு தவறிவிடுவது இன்னும் மோசம், பிள்ளைக்கு அது ரொம்ப வசதி. கட்டிக்கொண்டு போங்கள், வரிசையிலேயே உட்கார்ந்து சாப்பிடட்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதலில் மேற்படிப்பு மாணவ மருத்துவர்தான் விவரம் கேட்பார், அடுத்த முறை வேறொருவர் இருக்கலாம். கதையை முதலிலிருந்து சொல்ல நேரும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தால் அந்தக் களைப்பு பாதி குறையும். "அங்கப் போனா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க" என்று தங்கை வீட்டுக்காரர் சொன்னார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை மனநலப் பிரிவில் சேர்த்தால் பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருவர் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர வேண்டியிருக்குமோ என்றுதான் தங்கை பல இரவு தூங்காமல் கிடந்தாள். இது தெரிந்திருந்தால் முன்னாடியே போயிருப்போம்.

## தனியார் மனநல மருத்துவரும் உளவியலாளரும்

மாலையில் போகலாம், ஒரே முகத்தைப் பார்க்கலாம், நிதானமாகப் பேச நேரம் கிடைக்கும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு இது பெரிய விஷயம். தங்கை மகள் முதல் முறை வாய் திறந்து பேசியது இப்படி ஓர் அறையில்தான்.

இருவருக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மாத்திரை எழுதலாம். மருத்துவ உளவியலாளர் பேச்சுவழிச் சிகிச்சை தருபவர், அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். வெறுமனே "கவுன்சிலர்" என்ற பலகையை மட்டும் நம்பாதீர்கள். "உணவுக் கோளாறு உள்ள பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? நாடியும் ரத்தமும் யார் பார்ப்பார்கள்? எங்களையும் உள்ளே கூப்பிடுவீர்களா?" இந்த மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வந்தால் அங்கேயே தொடரலாம். அனோரெக்ஸியாவைக் குணப்படுத்தும் மாத்திரை என்று ஒன்று இல்லை. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும், சில சமயம் புலிமியாவுக்கும் மாத்திரை உதவும்.

மறைந்திருக்கும் செலவு, எண்ணிக்கை. ஒரு முறைக்கான கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் தாங்கும் என்று நினைக்கிறோம். இது இருபது, முப்பது முறை போக வேண்டிய நோய். மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், இப்படி வந்துபோகும் கட்டணத்துக்குத் தராது. பணம் தீர்ந்து எட்டாவது முறையோடு நிற்பதைவிட, முதலிலேயே அரசு மருத்துவமனையில் தொடங்குவது மேல் என்று நினைக்கிறேன்.

## தொலைபேசி

மத்திய அரசின் டெலி மனஸ் 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிறது. எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர்களால் நாடி பார்க்க முடியாது. ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு, தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அழுதபடி உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இதுதான் கிட்டே இருக்கிற கதவு.

## ஒரே பார்வையில்

| வழி | உடம்பைப் பார்ப்பது | தெரியாத விலை | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|
| வீடு மட்டும் | இல்லை | அம்மாவின் வேலை, மற்ற பிள்ளை | தொடங்கிச் சில வாரமே ஆனவர்களுக்கு |
| வழக்கமான டாக்டர் | ஓரளவு | "எல்லாம் சரி" என்ற பொய் நிம்மதி | வாராவாரக் கவனிப்புக்கு |
| அரசு மருத்துவமனை | முழுமையாக | ஒரு நாள் கூலி, பள்ளி விடுப்பு | இளைத்தவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், வாந்தி எடுப்பவர்கள் |
| தனியார் | கேட்டால்தான் தெரியும் | பாதியில் நிற்கும் அபாயம் | கூச்சமுள்ள பிள்ளை, தாங்கக்கூடிய வருமானம் |
| டெலி மனஸ் | இல்லை | இதோடு நின்றுவிடுவது | முதல் பேச்சுக்கு, நள்ளிரவுக்கு |

## அந்த மூன்று பேருக்கு நான் சொன்னது

முதுநகர் அம்மா "பொதுத்தேர்வு முடியட்டுமே" என்றார். மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை, கொளுத்தும் வெயிலில் போர்வை கேட்கிறாள். காத்திருக்க வேண்டாம் என்றேன். வளர்கிற வயதில் எலும்பில் சேராமல் போவதைப் பிறகு முழுதாக ஈடுகட்டுவது கடினம். அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்கி, அவர்கள் சொன்னால் ஜிப்மர். வாராவாரம் எடை பார்க்க அவர் தெரு டாக்டர். மதியச் சாப்பாட்டைப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முத்தியால்பேட்டைப் பெண்ணின் எடை குறையவே இல்லை, அதனால் யாரும் நம்பவில்லை. புலிமியாவில் எடை பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். விரல் முட்டியில் காய்ப்பு, பல் எனாமல் தேய்வு, கன்னத்தோரம் வீக்கம், இவைதான் காட்டிக்கொடுக்கும். முதலில் ஜிப்மரிலோ நகர மருத்துவமனையிலோ பொட்டாசியமும் இசிஜியும். அவை சரியாக இருந்தால் பேச்சுச் சிகிச்சைக்குத் தனியாரிடம் போகலாம், அவர்களால் செலவு தாங்கும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்காமல் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன், அமிலத்தோடு தேய்த்தால் பல் இன்னும் போகும்.

நெல்லிக்குப்பம் பையனின் அப்பா "ஆம்பளப் பையனுக்கு இதெல்லாம் வராது" என்று சிரித்துவிட்டாராம். வரும். பையன்களுக்கு எலும்பும் தோலுமாக ஆக வேண்டும் என்ற ஆசை குறைவு, "என் உடம்பு இன்னும் போதிய அளவு முறுக்கேறவில்லை" என்ற பயம் அதிகம். சோற்றை விட்டு, பவுடரைக் கரைத்துக் குடித்து, காய்ச்சலிலும் ஜிம்முக்கு ஓடுவார்கள். டாக்டர் என்றாலே அவன் எழுந்து போய்விடுவான் என்பதால், விளையாட்டுக்கு உடற்தகுதி பார்க்கலாம் என்று குழந்தை மருத்துவரிடம் தொடங்கச் சொன்னேன். குடிக்கும் பவுடர் டப்பாவையும், உடம்பு ஏற ஊசி ஏதாவது போடுகிறானா என்ற கேள்வியையும் கையோடு கொண்டு போகச் சொன்னேன். அன்றிரவே அம்மா 14416ஐ அழைத்திருக்கிறார். நாற்பது நிமிடம் பேசினாராம். பையன் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று மறுநாள் சொன்னார்.